ஒரே ஒரு தகட்டின் விலை

காட்பாடிப் பக்கத்து லேத் பட்டறை ஒன்றில் என் பழைய அம்பாசடரில் வேறு எஞ்சின் ஏற்றுவதற்காகச் செய்து வாங்கிய அலுமினியத் தகடு 16 மில்லிமீட்டர் கனமும் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவும் கொண்டது. வெட்டுவதற்கு முன் அதன் எடை ஏறக்குறைய ஒன்பது கிலோ. கிளட்ச் சுழல்வதற்காக நடுவே பெரிய துளை போட்டு, ஓரங்களையும் கழித்த பிறகு நான்கைந்து கிலோதான் மிஞ்சியது என்றாலும், கழிந்து போன துருவலுக்கும் சேர்த்தே கடைக்காரர் எடை போட்டுப் பணம் வாங்கினார். அதில் தவறொன்றும் இல்லை. நான் ஏமாந்தது வேறு இடத்தில். உலோகத்தின் விலையையும் லேத் ஓட்டும் டர்னரின் கூலியையும் கூட்டி, அதுதான் அந்தத் தகட்டின் விலை என்று டைரியில் எழுதி வைத்தேன். எஞ்சின் மாற்ற நினைப்பவர்களில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். பிறகு அந்தக் கணக்கு மூன்று மடங்கு, நான்கு மடங்கு ஆகும்போது பட்டறைக்காரரைச் சந்தேகப்படுகிறார்கள்.

இந்தத் தகடு எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு கம்பெனியின் எஞ்சினையும் வேறொரு கம்பெனியின் கியர் பாக்ஸையும் நேராக இணைக்க முடியாது. இரண்டின் போல்ட் துளைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தா. இடையில் ஒரு பக்கம் எஞ்சினின் துளைகளும் மறுபக்கம் பெல் ஹவுசிங்கின் (கியர் பாக்ஸின் முன்னால் கிளட்சை மூடி நிற்கும் கூட்டின்) துளைகளும் கொண்ட ஒரு தகட்டை வைத்து இரண்டையும் பிடிக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கத்தில் இது புதிய வித்தை அல்ல. பெட்ரோல் அம்பாசடரில் டீசல் எஞ்சின் ஏற்றுவது ஒரு காலத்தில் வாடகைக் கார் தொழிலின் அன்றாட வேலையாக இருந்தது. 'மேட்டடார் எஞ்சின் போட்ட வண்டி' என்று சொன்னால் அந்தத் தலைமுறை ஓட்டுநர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. ஆனால் அப்போது ஒரே வகை மாற்றத்தைத் திரும்பத் திரும்பச் செய்த பட்டறைகள் இருந்தன. முதல் வண்டியில் செய்த தவறு பத்தாவது வண்டியில் திருந்தியிருக்கும். என் வண்டியிலிருந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, மலிவாகக் கிடைத்த ஒரு வேனின் டீசல் எஞ்சினை ஏற்ற நான் முடிவு செய்தபோது, அந்த எஞ்சினும் இந்த கியர் பாக்ஸும் அதற்கு முன் எங்கும் சேர்ந்ததாக எனக்குத் தெரிந்த மெக்கானிக் எவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. முதல் வண்டியும் கடைசி வண்டியும் என்னுடையதே என்ற நிலை அது.

ஒற்றை உருப்படி ஏன் விலை கூடுகிறது என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். மில்லிங் மெஷினில் தகட்டை ஏற்றி, சமம் பார்த்து, மையம் பிடித்து, டூல் மாற்றி, முதல் வெட்டுக்குத் தயாராக மூன்று மணி நேரம் ஆகிறது என்றும், வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு தகடு செய்தால் அதன் தலையில் நான்கு மணி நேரக் கூலி விழுகிறது. பத்துத் தகடுகள் செய்தால் மொத்தம் 13 மணி நேரம், அதாவது தகட்டுக்கு ஒன்றே கால் மணிக்குச் சற்று மேல். நூறு செய்தால் ஒரு மணி நேரத்தை ஒட்டி வந்து நின்றுவிடுகிறது. கார் கம்பெனி இந்த 'செட்டிங்' செலவை லட்சக்கணக்கான வண்டிகளின் மேல் பரப்பிவிடுகிறது. நாம் ஒரே வண்டியின் மேல் சுமத்துகிறோம். வரைபடம் போடுவது, அளவு சரிபார்ப்பது, உடைந்தால் மாற்றிக் கொடுப்பது, உதிரி பாகம் இருப்பு வைப்பது என்று கம்பெனி செய்யும் மற்ற வேலைகளும் இப்படியே. பாகத்தை நாமே செய்கிறோம் என்றால், அந்தப் பாகத்தைப் பொறுத்தவரை நாமே கம்பெனியாக இருக்கிறோம் என்று பொருள். அந்த உத்தியோகத்துக்குச் சம்பளம் கிடையாது.

இதோடு ஒட்டிய இன்னொரு செலவு வரிசையில் காத்திருப்பது. ராணிப்பேட்டையில் பெல் (BHEL) நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவி ஆலையை ஒட்டி வளர்ந்த சிறு ஆலைகளில் தகடு வெட்டவும் வளைக்கவும் நல்ல இயந்திரங்கள் உண்டு. ஆனால் அவை டன் கணக்கில் எஃகு வெட்டிப் பழகியவை; அங்கே ஒரு தகட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பவன், கல்யாணப் பந்தியில் தனக்கு மட்டும் ஒரு தோசை கேட்பவனைப் போன்றவன். போட்டுத் தருவார்கள், ஆனால் எப்போது என்று கேட்கக் கூடாது. எனக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. அந்தப் பதினெட்டு நாளும் எஞ்சின் செயினில் தொங்கியது; பட்டறை இடத்துக்கு நாள் வாடகை ஓடியது.

இப்போது தகட்டின் உண்மையான விலைக்கு வருகிறேன். துளைகளின் இடத்தைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்தது எல்லோரும் செய்வதுதான்: பெல் ஹவுசிங்கின் முகத்தில் கெட்டி அட்டையை வைத்து, கட்டை விரலில் கிரீஸ் தடவி அழுத்தி, ஓரங்களின் அச்சை எடுத்தோம், எஞ்சினின் பின்முகத்துக்கும் அப்படியே. அட்டையைத் தகட்டின் மேல் ஒட்டிப் பஞ்ச் அடித்து டிரில் போட்டோம். எல்லா போல்ட்டும் தடையில்லாமல் ஏறின. அன்று மாலை வண்டி கிளம்பியது, தெருவில் இரண்டு சுற்று ஓடியது, பட்டறையில் எல்லோருக்கும் நான் டீயும் மசால் வடையும் வாங்கிக் கொடுத்தேன்.

ஏறக்குறைய 800 கிலோமீட்டர் ஓடியபின் முதல் கியர் விழ மறுத்தது. கிளட்சை அழுத்தும்போது கரகரவென்று ஒரு சத்தம். நிறுத்திய இடத்தில் எண்ணெய்ச் சொட்டு. கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்தால், எஞ்சினின் பின்முனையில் சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலின் நடுவே கியர் பாக்ஸ் தண்டின் நுனி உட்காரும் வெண்கல புஷ் முட்டை வடிவில் தேய்ந்திருந்தது. கியர் பாக்ஸின் முன்பக்க ஆயில் சீலும் ஒரு பக்கமாகக் கிழிந்திருந்தது. டர்னர் தன் காந்த ஸ்டாண்டை ஃப்ளைவீலின் மேல் ஒட்டவைத்து, நுண்ணளவை முள்ளால் காட்டும் டயல் கேஜின் முனையைப் பெல் ஹவுசிங்கின் உள்வட்டத்தில் தொடவிட்டு, எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றச் சொன்னார். முள் 0.6 மில்லிமீட்டர் ஓடித் திரும்பியது. மையம் அதில் பாதி, அதாவது 0.3 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று அர்த்தம். கையால் கியர் மாற்றும் வண்டிகளுக்குப் பொதுவாக ஏற்கப்படும் மொத்த ஓட்டம் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு, அதாவது ஏறக்குறைய 0.13 மில்லிமீட்டர். நாங்கள் அதன் நான்கரை மடங்கில் இருந்தோம்.

"இன்னா சார், போல்ட்டு புடிச்சிக்கத்தான் சார். சென்டருக்கு டவல் பின்னு பாக்கணும்," என்றார் டர்னர். இதை அவர் முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று எனக்குக் கோபம் வந்தது; ஆனால் நான் கேட்டது 'துளை பொருந்தணும்' என்றுதான், 'மையம் பொருந்தணும்' என்றல்ல. போல்ட் துளை எப்போதும் போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் இருக்கும். அந்த இடைவெளிக்குள் கியர் பாக்ஸ் எந்தப் பக்கமும் நகரும். இரண்டு எஃகு டவல் பின்கள்தான் அதை ஒரே இடத்தில் நிறுத்துகின்றன. சரியான முறை, போல்ட்டுகளை லேசாக இறுக்கி, டயல் கேஜைப் பார்த்துக்கொண்டே மரச் சுத்தியலால் தட்டித் தட்டி மையத்துக்குக் கொண்டுவந்து, முழுவதும் இறுக்கி, கடைசியில்தான் டவல் துளைகளை ரீமர் போட்டு, அதாவது சரியான அளவுக்கு வழித்து எடுப்பது. தகடு புதிதாகச் செய்யப்பட்டது. ஆக முதல் தகடு, இரண்டாம் தகடு, புஷ், ஆயில் சீல், கிளட்ச் பிளேட், கியர் பாக்ஸை இருமுறை ஏற்றி இறக்கிய கூலி எல்லாம் சேர்ந்துதான் தகட்டின் விலை. அளவு பார்க்கும் கருவிக்கும் அதைப் படிக்கத் தெரிந்தவருக்கும் கொடுக்க மறுத்த காசு, உலோகமாகவும் கூலியாகவும் திரும்பி வந்தது.

கிளட்ச் பிளேட்டைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அதன் நடுவிலுள்ள பற்கள் கியர் பாக்ஸ் தண்டுக்குப் பொருந்த வேண்டும். வெளிவட்டம் ஃப்ளைவீலுக்குப் பொருந்த வேண்டும். இரண்டும் வெவ்வேறு கம்பெனி என்பதால், ஒரு பிளேட்டின் நடுப்பகுதியைக் கழற்றி இன்னொரு பிளேட்டில் ரிவெட் அடித்துக் கொடுக்கும் வேலை நம் ஊர்களில் நடக்கிறது. நன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்று சுற்றும் ஒரு பொருள், டிரைவரின் கால்களுக்குச் சில அங்குலம் தள்ளிச் சிதறினால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்த்த பிறகு, இந்த ஒன்றை மட்டும் கையால் செய்வதில்லை என்று முடிவு செய்தேன். பற்கள் பொருந்தும் கம்பெனி பிளேட் ஒன்றைத் தேடி, அதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டைப் பொருத்த ஃப்ளைவீலில் புதிய துளைகள் போட்டு, ஃப்ளைவீலை பேலன்ஸ் பார்க்கச் சென்னைக்கு அனுப்பினேன். செலவு கூடியது, அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஒரு பாகம் தனியாக வராது என்பது அடுத்த பாடம். தகட்டின் கனம் 16 மில்லிமீட்டர் என்றேன்; கியர் பாக்ஸைப் பழைய இடத்திலேயே வைத்தால் எஞ்சின் அந்த அளவுக்கு முன்னால் தள்ளப்படுகிறது. புதிய எஞ்சின் ஏற்கெனவே பழையதைவிட நீளம். ஃபேன் ரேடியேட்டரை உரசியது. ஃபேனைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போட்டால் ஆல்டர்னேட்டர் போதவில்லை. ஆல்டர்னேட்டரை மாற்றினால் வயரிங் போதவில்லை. சரி, கியர் பாக்ஸைப் பின்னால் தள்ளலாமே என்றால், என் அம்பாசடரில் கியர் தண்டு ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கிறது; அங்கிருந்து கியர் பாக்ஸுக்கு வரும் கம்பிகளை நீட்ட வேண்டும், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறைத்து வெல்டிங் வைத்து மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும். ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள க்ராஸ் என்ற மூட்டுகளும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் நிற்காவிட்டால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தரை முழுதும் அதிரும். டீசல் எஞ்சினின் கூடுதல் எடையில் வண்டியின் மூக்கு தாழ்ந்தது. முன்பக்கத்தில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கித் தாங்கும் டார்ஷன் பாரைக் கழற்றிப் பல் மாற்றிப் பூட்ட வேண்டியதாயிற்று. டீசலுக்குத் தொட்டிக்குத் திரும்பும் குழாய் ஒன்று வேண்டும். பெட்ரோல் வண்டியின் தொட்டியில் அது இல்லை. சாவியைத் திருப்பினால் பழைய டீசல் எஞ்சின் நிற்காது. அதை நிறுத்த இழுகம்பி ஒன்று வேண்டும். இவற்றில் எதுவும் பெரிய செலவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்த ஞாயிறுகளையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும். வேலூரிலிருந்து சென்னை 140 கிலோமீட்டர். பழைய சாமான்களுக்குப் புதுப்பேட்டை, புதிய சாமான்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை என்று போய்வந்தால் ஒரு நாள் முழுதும் போய்விடும்; தவறான அளவில் ஒரு ஹோஸ் வாங்கி வந்தால் இன்னொரு நாள். கம்பெனி பாகத்துக்கு ஒரு நம்பர் உண்டு, போனில் சொன்னால் பார்சலில் வரும். நம் கையால் செய்த பாகத்தை ஒட்டிய எதற்கும் நம்பர் கிடையாது. கையில் எடுத்துக்கொண்டு போய்க் கடை கடையாகக் காட்டி, 'இது மாதிரி ஒண்ணு' என்று கேட்க வேண்டும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது ஏலகிரி மலை ஒன்றைக் கற்றுக் கொடுத்தது. புதிய எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப் முன்பக்கக் குறுக்குச் சட்டத்தில் இடித்ததால், சம்பின் அடிப்பகுதியை வெட்டி, மேடாக்கி, வெல்டிங் வைத்திருந்தோம். ஆயில் கசியவில்லை என்பதை மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு வைத்துப் பார்த்திருந்தோம். மலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவதில் ஆயில் விளக்கு ஒருமுறை சிமிட்டியது. பதினொன்றாவதில் எரிந்தே விட்டது. ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினேன். வெட்டியதில் சம்பின் கொள்ளளவு குறைந்திருந்தது, உள்ளேயிருந்த தடுப்புத் தகடும் போயிருந்தது. ஏற்றத்தில் திரும்பும்போது எண்ணெய் முழுதும் ஒரு மூலைக்கு ஒதுங்க, உறிஞ்சு குழாய் காற்றை இழுத்திருக்கிறது. சமதளத்தில் ஆண்டுக்கணக்கில் ஓட்டினாலும் இது தெரிந்திருக்காது. கார் கம்பெனிகள் புது மாடலை மலையிலும் பாலையிலும் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்க்கச் செலவிடுவது இதற்காகத்தான். அந்தச் சோதனைச் செலவை நான் ஒரு செட் பேரிங்காகக் கட்டினேன். உரிய அனுமதி பெறாத வண்டியை மலைக்கு ஏற்றியது தனித் தவறு, அதை மறைக்கவில்லை.

வெயிலைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரேடியேட்டர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், மார்கழிக் காலையில் பார்த்துத் தேர்ந்தெடுத்த ரேடியேட்டர் போதாது. மே மாதத்தில் மறுபடி வாங்கினேன்.

இனி காகிதச் செலவு. மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 52 ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை இறுக்கமாகவே பொருள் கொண்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆர்சி புத்தகத்தில் எஞ்சின் நம்பரும் எரிபொருள் வகையும் இருக்கின்றன. பெட்ரோல் என்று பதிவான வண்டியைப் புகைச் சோதனைக்குக் கொண்டுபோனால், பெட்ரோலுக்கு ஒரு சோதனை, டீசலுக்கு வேறு சோதனை என்ற இடத்திலேயே சிக்கும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். ஆய்வாளர் பானட்டைத் திறந்து நம்பரைப் பார்ப்பார். தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு. காயலான் கடையில் பில் இல்லாமல் வாங்கிய எஞ்சின் என்றால், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற கேள்வி இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும். இந்த வரிசையை முதலில் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போக வேண்டும். நான் தலைகீழாகப் போனேன்.

இதில் எனக்கு உறைத்த ஒப்பீடு ஒன்று உண்டு. 1990களில் இந்துஸ்தான் மோட்டார்ஸே அம்பாசடரில் 1817 சிசி இசுசு எஞ்சினை ஐந்து கியர் பாக்ஸோடு ஏற்றி விற்றது. அந்த எஞ்சினுக்கான மவுண்டிங், பெல் ஹவுசிங், ஷாஃப்ட், சைலன்சர் பைப் எல்லாம் கம்பெனி பாகங்கள். 2014 இல் அம்பாசடர் உற்பத்தி நின்ற பிறகும், கழித்துக் கட்டிய வண்டிகளிலிருந்து அவை கிடைத்து வந்தன. அதற்கும் அனுமதி வேண்டும். எஞ்சினும் நான் வாங்கியதைவிட விலை கூடுதல். ஆனால் அந்த விலைக்குள் வரைபடமும் சோதனையும் மலையேற்றமும் அடக்கம். என் எஞ்சின் மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம், அதற்குப் பொருந்தும் எதுவும் அதோடு வராததுதான்.

விற்கும்போது தெரியும் செலவு கடைசியில் வருகிறது. குடியாத்தத்திலிருந்து வண்டியைப் பார்க்க வந்த ஒருவர் பானட்டைத் திறந்து, வெல்டிங்குகளைத் தடவிப் பார்த்து, "வேலை சுத்தமா இருக்குங்க, ஆனா நாளைக்கு இது போச்சுன்னா நான் யாராண்ட போவேன்?" என்று கேட்டார். என்னிடம்தான் வர வேண்டும் என்ற பதிலைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்ட விலைக்கு நானும் கொடுக்கவில்லை.

கழற்றிய பெட்ரோல் எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட மெக்கானிக் சொன்னார். ஆர்சியில் இருப்பது அதன் நம்பர் என்பதால் போடவில்லை; எண்ணெய் தோய்த்த சாக்கில் சுற்றி மாட்டுக் கொட்டகையின் ஒரு மூலையில் வைத்திருந்தேன். புதுப்பிக்கும் காலம் வந்தபோது அதைத்தான் மறுபடி ஏற்றினேன். அதற்குத் தகடு எதுவும் தேவைப்படவில்லை. பழைய போல்ட்டுகளே ஏறின, ஒரே நாளில் வேலை முடிந்தது. டர்னர் மெஷினில் செட்டிங் கலைவதற்குள் சேர்த்து வெட்டிக் கொடுத்த மூன்றாவது தகடு, டவல் துளை போடாமல், இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறது.